கைலாசத்திலிருந்து வைகுண்டத்துக்கு ஒரு டவுன் பஸ்!

திருச்சிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். கைலாசமும் வைகுண்டமும் ஒரே ஊரில். இரண்டுக்கும் டவுன் பஸ்ஸிலேயே போய்விட்டு வந்துவிடலாம். தஞ்சாவூர் ரோட்டில் திருவெறும்பூர் பக்கம் கைலாசபுரம். காவிரிக்கு அந்தண்டை ஸ்ரீரங்கம், அதாவது பூலோக வைகுண்டம். நடுவில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி பஸ் மாற வேண்டும். ('வாழ்க்கையே ஒரு சத்திரம்தானே' என்று தத்துவம் பேச வாய் துறுதுறுக்கிறது. வேண்டாம், பஸ்ஸை விட்டுவிடுவோம்.)

கைலாசபுரத்தில் போய் சிவபெருமானைத் தேடாதீர்கள். அங்கே சகலமும் பாய்லர்தான். பாரத மிகுமின் நிறுவனம் (ஊர்ப் பேச்சில் 'பெல்') தன் ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. செக்கோஸ்லோவாகியா நாட்டின் கைகோத்தலோடு தொழிற்சாலை எழும்பி, 1965-ல் உற்பத்தி ஆரம்பமானது. நம் வீட்டில் மின்விசிறி சுற்றுகிறதே, அதற்கு எங்கோ ஒரு அனல் மின் நிலையத்தில் தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டிருக்கும் ராட்சச பாய்லர் இங்கே பிறந்ததாக இருக்கலாம்.

ஊர் அழகு. நேர் நேரான ரோடு, ரோட்டுக்கு ரோடு மரம், மரத்துக்கு மரம் நிழல். விலாசம் மட்டும் கொஞ்சம் அல்ஜீப்ரா மாதிரி: ஏ செக்டார், பி செக்டார், சி செக்டார்... பள்ளிக்கூடம் உள்ளேயே. ஆஸ்பத்திரி உள்ளேயே. கடைத்தெரு உள்ளேயே. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு லக்ஷ்மி எப்படி இருப்பாள் என்று காலண்டரில் காட்ட வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை, சொன்ன தேதியில், பி.எஃப். பிடித்தம் போக மீதியோடு வீட்டுக்கு வருவாள்.

நான் அங்கே போனது பாய்லர் பார்க்க அல்ல. மாதச் சம்பளத்தையே மூச்சாக விடும் ஒரு ஊரில், மாதச் சம்பளம் இல்லாமலே பாட்டு, எழுத்து, நடிப்பு என்று பிழைக்கத் துணிகிற ஆசாமி எப்படி முளைக்கிறான் என்று பார்க்கத்தான். முளைத்திருக்கிறார்களே! நடிகர் பிரசன்னாவின் அப்பா 'பெல்'லில் வேலை பார்த்தவர். பிள்ளை எஞ்சினீயரிங் படித்துவிட்டு, பாய்லர் பக்கம் போகாமல் 2002-ல் 'ஃபைவ் ஸ்டார்' படத்தில் கேமரா முன்னால் போய் நின்றார்.

குடியிருப்புக்கு வெளியே ஒரு டீக்கடையில் அகப்பட்ட இளைஞர் ஒருவர் அவ்வளவு தூரம் போகவில்லை. இன்னும் வாசற்படியில் நிற்கிறார். துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் சூப்பர்வைசர். சனி, ஞாயிறு, முகூர்த்த நாட்களில் லைட் மியூஸிக் குழுவில் கீபோர்டு. ராத்திரி லேப்டாப்பில் சொந்த மெட்டு. பெயர் கேட்டேன்.

"பேர் வேணாம் சார். எங்கப்பா உங்க பத்திரிகைதான் படிக்கிறார்."

"அப்பா என்ன பண்றார்?"

"ரிட்டையர்ட் சார். முப்பத்து மூணு வருஷம் பாய்லர் பிளான்ட். ஒரு நாள் லேட் கிடையாது. நான் வேலையை விடப் போறேன்னு சொன்னேன். அன்னிலேர்ந்து பேச்சு இல்ல. டி.வி. ரிமோட்டைக்கூட அம்மா வழியாத்தான் கேக்கறார்."

"விடறதுன்னு முடிவே பண்ணியாச்சா தம்பி?"

அவர் பதில் சொல்லவில்லை. மொபைலில் ஒரு கணக்கைக் காட்டினார். நல்ல பிள்ளை, கனவையும் கணக்கையும் ஒரே மொபைலில் வைத்திருக்கிறார். தை, வைகாசி, ஆவணி என்றால் முகூர்த்தம் கொட்டும், ஒரே நாளில் இரண்டு மேடைகூட. ஆடியில் கல்யாணம் கிடையாது; ஆனால் அம்மன் கோயில் கச்சேரி காப்பாற்றிவிடும். புரட்டாசி சுமார். மார்கழி சுத்தம்! தவிர, 'பேமென்ட் அடுத்த வாரம்' என்று சொல்லி மூன்று மாதமாகப் பாக்கி வைத்திருப்பவர்கள் பெயர் ஒரு தனி லிஸ்ட். 'இப்ப காசு இல்ல தம்பி, ஆனா இந்த மேடையால நல்ல பேர் கிடைக்கும்' என்றவர்கள் இன்னொரு லிஸ்ட். அது முதல் லிஸ்டைவிட நீளம்.

"நீங்க சொல்லுங்க சார். விட்டுடலாமா?"

ஆபத்தான கேள்வி. சரி என்றால் அவர் அப்பா என்னைத் தேடி வருவார். வேண்டாம் என்றால் பிற்காலத்தில் இவர் பெரிய ஆளாகி, பேட்டியில் என்னைத் திட்டுவார். பஸ் வந்ததும் ஏறிவிட்டேன். ஆனால், அந்தக் கேள்வியும் டிக்கெட் வாங்காமல் கூடவே ஏறிக்கொண்டது.

திருவெறும்பூரில் ரோட்டிலிருந்தே மலைக்கோயில் தெரியும். எறும்பீஸ்வரர். அசுரன் தொல்லை தாங்காத தேவர்கள் எறும்பாக வடிவெடுத்து வந்து சிவனைக் கும்பிட்டார்களாம். லிங்கம் வழுக்கியதால் எறும்புகளால் ஏற முடியவில்லை; சுவாமியே புற்றாக மாறி, கொஞ்சம் சாய்ந்தும் கொடுத்தார் என்பது ஸ்தல புராணம். காலை ஷிப்டுக்கு சைக்கிளும் டூவீலருமாக சாரிசாரியாகப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சாமி கிடைக்குமா? யார் சாய்ந்து கொடுத்தார் என்ற விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பஸ் ஊருக்குள் வருகிறது. பாலக்கரையை ஒட்டி சங்கிலியாண்டபுரம். தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார் எம்.கே. தியாகராஜ பாகவதரின் சமாதி இங்கேதான். மாயவரத்தில் 1910-ல் பிறந்து, திருச்சியில் வளர்ந்தவர். பொற்கொல்லர் குடும்பம். பையனைத் தொழிலில் உட்கார வைக்க அப்பா பார்த்தார். பையனுக்குத் தொண்டையில்தான் தங்கம் இருந்தது.

அந்தத் தங்கத்தை உரசிப் பார்த்தவர் யார் தெரியுமோ? ஒரு ரயில்வே உத்தியோகஸ்தர்! எஃப்.ஜி. நடேச ஐயர். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரி. ஆபீஸ் நேரம் போக நாடகப் பைத்தியம். 1914-ல் திருச்சி ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கியவர். 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசனாக நடிக்கச் சிறுவன் தேடியபோது, இந்தப் பையனை மேடையேற்றினார். நன்றாக யோசித்துப் பாருங்கள். ரயில்வே கொடுத்த சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு ஒரு மனுஷர் சபா நடத்தியதால், சம்பளமே வாங்காத ஒரு கலைஞன் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தான்.

அப்புறம் நடந்தது உங்கள் தாத்தாவுக்குத் தெரியும். 1934-ல் 'பவளக்கொடி'. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. தங்கத் தட்டில் சாப்பிட்டார் என்று இன்றைக்கும் ஊரில் சொல்கிறார்கள். அதே 1944 டிசம்பரில் லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் கைது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போய், 1947-ல் விடுதலை. குற்றவாளி இல்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால், ரசிகன் என்கிற ஜட்ஜ் இருக்கிறானே, அவன் அதற்குள் வேறு கேஸுக்குப் போய்விட்டான்! 1948-ல் வந்த 'ராஜமுக்தி' எடுபடவில்லை. அடுத்து வந்தவையும் பழைய உயரத்தைத் தொடவில்லை. 1959 நவம்பர் 1-ந் தேதி காலமானபோது வயது 49.

இதில் சிறையை மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது என்பது என் கட்சி. அதே வழக்கில், அதே சிறையில் இருந்துவிட்டு வந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் திரும்பவும் ஜெயித்தாரே. கலைவாணரின் சரக்கு காலத்தோடு சேர்ந்து மாறக்கூடியது. பாகவதரின் சரக்கு ஒரே குரல், ஒரே கிராப், ஒரே ராஜகம்பீரம். ரசனை மாறினால், ஆபீஸாக இருந்தால் வேறு செக்ஷனுக்கு மாற்றிப் போடுவார்கள். தனிக்காட்டு ராஜாவுக்கு ஏது டிரான்ஸ்ஃபர்?

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மலைக்கோட்டைப் பிள்ளையாரை அண்ணாந்து கும்பிட்டுவிட்டு, ஸ்ரீரங்கம் பஸ். காவிரிப் பாலம். தண்ணீர் இருந்தால் அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் சாய்கிறார்கள். மணல் இருந்தால் மொபைலைப் பார்க்கிறார்கள். நான் போன அன்று மொபைல்.

மாதச் சம்பளம் என்பது ஏதோ ரயில்வேயும் பாய்லரும் கொண்டுவந்த சமாசாரம் என்று நினைக்காதீர்கள். கோயில்தான் கலைஞனுக்குப் பழைய முதலாளி. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி உற்சவத்தின்போது அரையர் சேவை பாருங்கள். பாசுரத்தைப் பாடி அபிநயம் பிடிக்கிற இந்த உரிமை பரம்பரையாக வருகிறது. ஊரும் பெருமாளும் சேர்ந்து கலைஞனைக் காப்பாற்றிய ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டுக்கு வெளியே போய் 'நான் தனியாகப் பிழைத்துக்கொள்கிறேன்' என்று கிளம்புவது, ஏழு மதில்களையும் தாண்டி வெளியே குதிக்கிற மாதிரி.

அப்படிக் குதித்தவர் ஒரு ரங்கராஜன். டி.எஸ். ரங்கராஜன். உலகம் அவரைக் கவிஞர் வாலி என்று அழைத்தது. 1931-ல் பிறந்த அவருக்கு முதல் ஆசை பாட்டு அல்ல, படம் வரைவது. ஆனந்த விகடனில் மாலி வரைந்த சித்திரங்களில் கிறங்கிக் கிடந்த பையனுக்கு, மாலி மாதிரியே இருக்கட்டும் என்று கூடப் படித்த நண்பர் வைத்த பெயர்தான் வாலி. சென்னைக்கு வந்து ஓவியப் பள்ளியில் ஒரு வருஷம் படித்தார். திரும்பினார். ஸ்ரீரங்கத்தில் நண்பர்களோடு 'நேதாஜி' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். முதல் பிரதியை வெளியிட வந்தவர், சாட்சாத் கல்கி! கல்கியோடு வந்திருந்த வானொலி நிலைய அதிகாரி ஒருவர் பையனின் சரக்கைக் கவனித்துவிட்டு, திருச்சி ரேடியோவுக்கு எழுத வாய்ப்புக் கொடுத்தார். திருச்சி வானொலி நிலையம் 1939-ல் ஆரம்பித்தது. கதை, நாடகம் எழுதினால் காசு. சின்னக் காசுதான். ஆனால், வீட்டில் 'பையன் எழுதறான்' என்று சொல்வதற்கும் 'பையன் எழுதிக் கிழிக்கிறான்' என்று சொல்வதற்கும் நடுவில் ஒரு செக் இருக்கிறது ஸார்!

ஊரில் இருந்தபடியே ஒரு முருகன் பாட்டைத் தபால் கார்டில் எழுதி டி.எம். சௌந்தரராஜனுக்கு அனுப்பினார். டி.எம்.எஸ். தானே மெட்டமைத்துப் பாடினார். அந்தத் தைரியத்தில் சென்னைக்குக் குதித்தார்.

பாட்டுப் புத்தகங்களில் நாம் படிக்கிற வாலிக்கும் அந்த நாள் வாலிக்கும் நடுவில் ஐந்து வருஷம் இருக்கிறது. 1958-ல் 'அழகர் மலைக் கள்வன்' படத்தில் முதல் பாட்டு. 1963-ல் 'கற்பகம்' படத்தில் எல்லாப் பாட்டும். இடையில் 1961-ல் எம்.ஜி.ஆருக்கு 'நல்லவன் வாழ்வான்' படத்தில் எழுதியும்கூட கதவு முழுசாகத் திறக்கவில்லை. ஐந்து வருஷம் என்பது எழுத ஒரு வரி. இருந்து பார்த்தால் அறுபது மாத வாடகை. தி.நகர் கிளப் ஹவுஸில் ஒரு ரூம். கூட இருந்தவர் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த ஒரு ஒல்லி ஆசாமி. நாகேஷ்! கையில் காசு இல்லாத நாட்களில் நாகேஷ் உதவியதைப் பிற்பாடு மேடைக்கு மேடை சொன்னார் வாலி. மறுபடியும் ரயில்வே, பார்த்தீர்களா?

ஒரு கட்டத்தில் போதும், ஊர்ப் பக்கம் போய் ஏதாவது வேலை பார்க்கலாம் என்று முடிவு கட்டியே விட்டார். அந்தச் சமயம் பாடகர் பி.பி. ஸ்ரீநிவாஸைப் பார்க்க, புதுசாக என்ன பாடினீர்கள் என்று கேட்க, அவர் 'சுமைதாங்கி'க்காகக் கண்ணதாசன் எழுதிய பாட்டைப் பாடிக் காட்டினார். எந்தப் பாட்டு என்று நான் சொல்ல வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே மனசுக்குள் ஆரம்பித்திருப்பீர்கள். பெட்டியைத் திரும்பப் பிரித்துவிட்டார் வாலி. போட்டிக்கார கவிஞரின் பாட்டே இவரை ஊருக்குப் போகவிடாமல் பிடித்து நிறுத்தியது!

திருவெறும்பூரில் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதுதான். வாலி தனியாக ஏறவில்லை. வானொலி அதிகாரி கொஞ்சம் சாய்ந்தார். டி.எம்.எஸ். கொஞ்சம் சாய்ந்தார். நாகேஷின் சம்பளம் கொஞ்சம் சாய்ந்தது. 'வேலையை விட்டேன், ஜெயித்தேன்' என்று இரண்டு வார்த்தையில் பேட்டி கொடுக்கிறவர்கள் இந்த ஆட்களைத்தான் எடிட்டிங்கில் வெட்டிவிடுகிறார்கள். டீக்கடைத் தம்பிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது 'விடு', 'விடாதே' இரண்டும் இல்லை. 'அறுபது மாதத்துக்கு உன் ரூம் மேட் யார்?' என்று கேட்டிருக்க வேண்டும். முப்பத்து மூன்று வருஷம் லேட்டாகாத ஒரு மனிதர், ரிமோட்டுக்கு மத்தியஸ்தம் வைத்துக்கொண்டு, அதே வீட்டில்தான் இருக்கிறார்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வாலி தலைமுறைப் பாட்டாசிரியர்களுக்குப் பெரும்பாலும் பாட்டுக்கு ஒரு தொகை. கை நனைத்ததோடு சரி. பாட்டு அப்புறம் ஐம்பது வருஷம் ஓடினாலும் எழுதினவருக்கு அதில் பங்கில்லை. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ராஜ்ய சபாவில் இதற்காக வாதாடியவர் இந்திப் பாட்டாசிரியர் ஜாவேத் அக்தர். சினிமாப் பாட்டு தியேட்டருக்கு வெளியே எங்கே ஒலித்தாலும் அதில் வருகிற ராயல்டியில் பாட்டாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமையுண்டு. அவர்களே விரும்பினாலும் அந்த உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுக்க முடியாது. வாலி 2013 ஜூலையில் காலமானார். சட்டம் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ராத்திரி லேப்டாப்பில் மெட்டுப் போடுகிற தம்பிகள் அக்ரிமென்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்த ஷரத்தை மட்டுமாவது படியுங்கள்.

ஸ்ரீரங்கத்து இன்னொரு ரங்கராஜன் குதிக்கவே இல்லை. எஸ். ரங்கராஜன். பாட்டி வீட்டில் வளர்ந்து, ஸ்ரீரங்கம் ஹைஸ்கூல், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் எழுதிக்கொண்டிருந்ததால் குழப்பம் வேண்டாமென்று மனைவி பெயரை வைத்துக்கொண்டு சுஜாதா ஆனவர். விமானப் போக்குவரத்துத் துறை, பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். பகலில், ஓட்டுப் போடுகிற எலெக்ட்ரானிக் மெஷினை உருவாக்கிய குழுவுக்குத் தலைவர். மிச்ச நேரத்தில் கணேஷ்-வஸந்த். (கைலாசபுரத்தில் 'பெல்', சுஜாதா வேலை பார்த்ததும் 'பெல்'. இங்கிலீஷில் ஒரு எழுத்துதான் வித்தியாசம்.)

உத்தியோகத்தால் அவர் எழுத்து கெட்டதா? எனக்குத் தோன்றவில்லை. 1980-களில் குமுதத்தில் அவர் ஆரம்பித்த 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' தொடர்கதை எதிர்ப்பு கிளம்பியதால் நின்றுபோயிற்று. பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறு பெயரில் எழுதி முடித்தார். தொடர் நின்றபோது வீட்டில் அடுப்பு நின்றிருக்காது. ஒன்றாந்தேதி சம்பளம் வந்திருக்கும். முழுநேர எழுத்தாளனாக இருந்தால் அந்த வாரம் யாரிடமாவது போய்ப் பணிய வேண்டியிருக்கும். மாதச் சம்பளத்தை விலங்கு என்று கவிதை எழுதுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் ஒன்று. ஆபீஸ், வீடு, வாரத்துக்கு இத்தனை தொடர் என்று அவர் ஓட்டிய ஓட்டம் எல்லோருக்கும் வராது. சாயங்காலம் ஆறு மணிக்கு நம்மில் பாதிப் பேர் சட்டையைக் கழற்றினால் கூடவே மூளையையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறோம்.

ஒருத்தர் சென்னைக்குப் போனார். ஒருத்தர் பெங்களூருக்குப் போனார். கலை வேண்டுமென்றால் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று ஆகிவிட்ட இந்தக் கதையில், எதிர் பஸ்ஸில் ஏறி ஸ்ரீரங்கத்துக்கு வந்து சேர்ந்தவர் ஒருவர் இருக்கிறார். ஷேக் சின்ன மௌலானா. 1924-ல் ஆந்திராவில், கரவதி கிராமத்தில், பரம்பரை நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டிலேயே வித்தை இருந்தது. போதாது, தஞ்சாவூர் பாணி வேண்டும் என்று தமிழ்நாட்டுக்கு வந்து நாச்சியார்கோயில் ராஜம்-துரைக்கண்ணு சகோதரர்களிடம் பாடம் கேட்டார். 1960-களில் ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். இஸ்லாமியர், ரங்கநாதரிடம் தீராத பக்தி.

நாகஸ்வரக்காரருக்கும் அந்த கீபோர்டுத் தம்பிக்கும் காலண்டர் ஒன்றுதான். முகூர்த்தம் உண்டு, மார்கழி உண்டு, பாக்கி வைக்கிறவர்களும் உண்டு. அந்தக் காலண்டரை வைத்துக்கொண்டுதான் ஒருவர் பாஷை வேறான ஊரில் வாடகைக்கு வீடு பிடித்து, குடும்பத்தைக் கொண்டுவந்து, வாசித்தே வாழ்ந்தார். 1977-ல் பத்மஸ்ரீ. 1998-ல் மியூஸிக் அகாடமியின் சங்கீத கலாநிதி. மறு வருஷம் ஏப்ரலில் காலமானார்.

அதற்கு முன்னாலேயே, 1982-ல், ஸ்ரீரங்கத்தில் ஒரு நாகஸ்வரப் பள்ளி ஆரம்பித்துவிட்டார். சாரதா நாகஸ்வர சங்கீத ஆஸ்ரமம். அவரிடம் கற்றுக்கொள்ள ஆந்திராவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். ஷேக் மஹபூப் சுபானி, காலீஷாபி மஹபூப். வந்தவர்கள் அவரைப் போலவே இங்கேயே தங்கிவிட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக ஜோடி நாகஸ்வரம். 2020-ல் இரண்டு பேருக்கும் சேர்த்து பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.